சாக்கடைத் தொட்டிச் சண்டை

மேலத்தெருச் சாக்கடை முழுக்க கீழத்தெருக் கிணற்றை ஒட்டித்தான் ஓடியது. எழுபத்தேழாம் வருஷத்து அடைமழையில் அது கிணற்றுக்குள் இறங்கி, தெருவெங்கும் வாந்திபேதி கண்டது. கலியம்மாளின் கைக்குழந்தை காலையில் வயிற்றால் போகத் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் அடங்கிப்போயிற்று.

அதற்குப் பிறகுதான் கொம்யூன் பஞ்சாயத்து ஆட்கள் வந்து, ஊர்க்கோடிப் புறம்போக்கில் இரண்டு தொட்டிகள் கட்டினார்கள். முதல் தொட்டியில் கசடு தங்கும். மேலே தெளிகிற தண்ணீர் தடுப்புச் சுவரைத் தாண்டி, ஜல்லியும் மணலும் நிரப்பிய அடுத்த தொட்டியில் வடிந்து, வாய்க்காலுக்குப் போய்விடும். கசடு அள்ளுகிற வேலையைக் கலியம்மாளின் புருஷன் அய்யனாருக்குக் கொடுத்தார்கள்.

அந்தப் புறம்போக்கில் அதுவரை மல்லாட்டை பயிரிட்டு வந்தவன் அய்யனாரின் சொந்த அண்ணன் தெய்வசிகாமணி. தம்பிதான் ஆட்களைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டிக்கொடுத்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். நேரில் பார்த்தால் காறித் துப்பினான்.

தொட்டிக்குள் சாக்கடைத் தண்ணீர் விட்ட மறுவாரம், உச்சி வெயிலில், கடப்பாறையோடு வந்து தடுப்புச் சுவரை இடிக்க ஆரம்பித்தான். வாய்க்கால் தூர் எடுத்துக்கொண்டிருந்த அய்யனார் ஓடினான். கலியம்மாள் மண்வெட்டியோடு பின்னால் போனாள்.

"அண்ணா, கடப்பாறைய கீழ போடு. எம் புள்ள செத்ததே இந்தச் சாக்கடையாலதான்."

"செத்தா இன்னாடா? இன்னொண்ணு பெத்துக்க."

அய்யனார் அவன் மேல் பாய்ந்தான். கடப்பாறை அய்யனாரின் காதோரம் இறங்கியது. இருவரும் கசடுத் தொட்டிக்குள் விழுந்தார்கள். தெய்வசிகாமணி தம்பியின் முதுகில் ஏறி உட்கார்ந்து, பிடரியைப் பிடித்து முகத்தைச் சேற்றுக்குள் அமுக்கினான். அய்யனாரின் கால்கள் உதைத்தன. பிறகு உதைப்பது தளர்ந்தது.

விடச் சொல்லிக் கலியம்மாள் கத்தினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடரியை அமுக்கியிருந்த அந்தக் கையின் மேல் மண்வெட்டியை ஓங்கி இறக்கினாள். மணிக்கட்டு பிளந்து தொங்கியது. அவன் அலறிக்கொண்டு சரிந்தான். அத்தோடு அவள் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. குழந்தையைப் பற்றி அவன் சொன்னதுதான் காதில் இரைந்துகொண்டிருந்தது. அவன் கழுத்தைப் பார்த்து மறுபடி ஓங்கினாள்.

புருஷனுக்குக் கூழ் கொண்டுவந்த கனகாம்பாள், தெய்வசிகாமணியின் பெண்டாட்டி, தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்துத் தொங்கினாள். "ஒம் புருஷன மொதல்ல தூக்குடி" என்றாள். அப்போதுதான் கலியம்மாளுக்குப் புத்தி வந்தது. இரண்டு பெண்களுமாக அய்யனாரைக் கரையேற்றி, வாயிலும் மூக்கிலும் அடைத்த சேற்றை விரலால் தோண்டி எடுத்தார்கள். அவன் கறுப்பாகக் கக்கினான். மூச்சு வந்தது.

தெய்வசிகாமணியின் கையை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கலியம்மாளைப் போலீஸ் கொண்டுபோயிற்று. அவள்தான் முதலில் வெட்டினாள் என்று கோர்ட்டில் சொல்லும்படி பங்காளிகள் கனகாம்பாளுக்குப் பாடம் நடத்தினார்கள். அவளோ கூண்டில் ஏறி, தன் புருஷன் தம்பியைச் சேற்றில் அமுக்கிக் கொல்லப் பார்த்ததையும், அதைத் தடுக்கத்தான் கலியம்மாள் வெட்டினாள் என்பதையும் அப்படியே சொன்னாள். கலியம்மாளை விட்டுவிட்டார்கள். தெய்வசிகாமணி ஜெயிலுக்குப் போனான்.

கோர்ட் வாசலில் கலியம்மாள் கனகாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ரெண்டாவது ஓங்கினத நா சொல்லல" என்றாள் கனகாம்பாள். "ஆனா பாத்தேன். ஒம் மொகத்துல நிறுத்தணும்னு நெனப்பே இல்ல. இனிமே எங்கிட்ட வராத."

கையை உருவிக்கொண்டு, மதகடிப்பட்டு பஸ்ஸில் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

இடிந்த சுவரை அய்யனாரே பூசி முடித்தான். ஒரு காது போய்விட்டதால் கலியம்மாள் கிட்டப் போய்த்தான் பேச வேண்டியிருந்தது. கீழத்தெருவில் அதன்பின் வாந்திபேதி வரவில்லை. தொட்டிக் கசடைக் காயவைத்து எல்லோரும் வயலுக்கு எரு அள்ளிப் போனார்கள். கலியம்மாள் மட்டும் மண்வெட்டியைத் தொடாமல், கையாலேயே கூடையில் வாரிக்கொண்டாள்.