துவானின் தூக்கம் அடித்த அடி

பியென் ஹோவா ஊரின் மரப்பட்டறைத் தெருவில் ஒரு நண்பகல், துவானின் தூக்கம் கதவைத் திறந்துகொண்டு வந்து அவன் விலா எலும்புகளில் இரண்டை உடைத்தது. அதற்கு அவனுடைய உயரம், அவனுடைய தோள், ஆனால் உடம்பு மட்டும் நன்றாகத் தேறியிருந்தது. நாற்காலி செய்து கப்பலேற்றத் தொடங்கிய நாளிலிருந்து அவன் அதை வாசலோடு விரட்டிவந்தான். வெளியே நின்று நின்றே அது முரடாகிவிட்டது.

யாரும் ஓடிவரவில்லை. எப்படி வருவார்கள்? எங்கள் ஊரில் மதியச் சோறு இறங்கியதும் வங்கி மேலாளரே மேசைக்கடியில் பாய் விரித்துவிடுவார். பட்டறை ஆட்கள் தூணுக்குத் தூண் தூளி கட்டிப் படுத்திருந்தார்கள். சத்தத்தில் விழித்த மேஸ்திரி பாவ் எட்டிப் பார்த்தார்.

"மொதலாளி, அடிக்கிறது உங்க தூக்கம்தான். பேசாம படுத்துருங்க, விட்டுரும்."

"நான் படுத்தா சரக்க உங்கப்பனா கப்பல்ல ஏத்துவான்?" என்று துவான் ரத்தத்தைத் துப்பினான்.

ரோஷம் இருந்த அளவுக்குப் புத்தி இல்லை. அடுத்து வந்த மதியங்களில் தூக்கம் அவன் முன்பற்களை உதிர்த்தது, மூக்கை ஒருபக்கமாகத் திருப்பியது, ஒருதரம் பசை வாளிக்குள் தலையை அமுக்கிப் பிடித்தது. அவன் கம்பியால் திருப்பியடித்தான். அடி பட்ட இடமெல்லாம் அவன் உடம்பிலேயே வீங்கியது. அவன் மனைவி தியெப் கட்டுப்போட்டுச் சலித்தாள். "ஒரு மணி நேரம் கண்ண மூடினா குடியா முழுகிரும்? என்னை முண்டச்சி ஆக்கிட்டுத்தான் ஓய்வீங்களா?" என்று கத்தினாள். அவன் வேறு கணக்குப் போட்டான். ஆட்கள் தூங்குவதால்தானே அது துணிந்து வருகிறது, எல்லோரும் விழித்திருந்தால் பிடித்துக் கட்டிவிடலாம். உளியால் அத்தனை தூளிகளையும் அறுத்தெறிந்தான். ஆள் போதாதென்று தியெப்பையும் ரம்பத்தில் நிறுத்தினான்.

மறுநாள் மதியம் பட்டறையிலிருந்த எல்லோருடைய தூக்கங்களும் கட்டையும் கையுமாகத் தெருவில் வந்தன. கண்ணாடிகள் நொறுங்கின, நாற்காலிகள் பறந்தன, மேஸ்திரி பாவின் தாடையை அவருடைய தூக்கமே பெயர்த்தது. தியெப்பின் தூக்கம் மட்டும் கட்டை கொண்டுவரவில்லை. பின்னால் வந்து அவள் கண்களைப் பொத்தியது. ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தைப் பிடித்திருந்த தன் தூக்கத்தை உதறிவிட்டு துவான் பாய்ந்து சுவிட்சை அணைப்பதற்குள், அவளுடைய மூன்று விரல்கள் மரத்தூளில் கிடந்தன. ஐயோ, அந்த அலறல்! அலறியது அவன்தான். அவள் தூங்கிப்போயிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலோரம் தரையில் துவான் மல்லாந்தான். பின்னாலேயே வந்து நின்ற தூக்கத்தைப் பார்த்து, "என்னைக் கொன்னுடு, அவள விட்ரு" என்று அழுதான். அது முஷ்டியைச் சட்டையில் துடைத்துவிட்டு அவன்மேல் கவிழ்ந்தது. ஊரில் நெல் அறுப்பு முடியும்வரை யாராலும் அவனை எழுப்ப முடியவில்லை. அதற்குள் தியெப் ஒற்றைக் கையோடு பட்டறையை நடத்தி, சரக்கையும் கப்பலேற்றிவிட்டாள். அவன் இப்போது தினமும் மதியம் தூங்குகிறான், தொழிலும் நன்றாகத்தான் போகிறது. அந்தக் கையை மட்டும் அவள் அவனைத் தொடவிடுவதில்லை.

மற்ற முதலாளிகளின் தூக்கங்கள் கட்டையோடு வந்து தெருவில் வழி கேட்பதுண்டு. தியெப் மிஞ்சிய இரண்டு விரல்களால் அந்தந்த முதலாளியின் வீட்டைக் காட்டுவாள். "மாடில இருக்கான். பொண்டாட்டி பக்கத்துல வர்றதுக்குள்ள கெட்டியா போட்டு முடிச்சிரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள்.