கஸ்தூரியின் தொடையில் ஒரு எழுத்து

கஸ்தூரியை ஊரில் எல்லோரும் ஜாஃபர் சாதிக்கின் குதிரை என்றுதான் சொல்வார்கள். பந்தயத்தில் வண்டி ஓட்டுகிறவன் அவன்தானே. ஆனால் செங்கல் சூளையில் விலா எலும்பு தெரிய வண்டி இழுத்துக்கொண்டிருந்த அந்தக் கறுப்புக் குதிரையைப் பார்த்து, வாங்கினால்தான் வீட்டுக்கு வருவேன் என்று நின்றவள் அவன் மனைவி ரிஃப்கா. கொள்ளு வேகவைத்துப் போட்டு, குளம்பைச் சுத்தம் செய்து, மேனி மினுமினுக்க அதைத் தேற்றி எடுத்தவளும் அவள்தான். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் அதை முந்துகிற குதிரை இல்லை என்று ஆனபோது, பாராட்டெல்லாம் ஜாஃபருக்குப் போயிற்று. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடி மாதத்தில் ஆற்றங்கரையில் மேய்ந்துகொண்டிருந்த கஸ்தூரியை யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தேடாத இடமில்லை. கடைசியில் வெளி மாவட்டத்து வியாபாரி ஒருவனிடம் கண்டுபிடித்தார்கள்.

“கறுப்புக் குதிரை எங்கதான் இல்ல? இது உங்களுதுங்கிறதுக்கு என்னம்மா அடையாளம்?” என்றான் அவன்.

ரிஃப்கா போனில் இருந்த படங்களையெல்லாம் காட்டினாள். எல்லாப் படத்திலும் ஒரு கறுப்புக் குதிரை நின்றது, அவ்வளவுதான். ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து, திருடி விற்ற ஆளே ஒப்புக்கொண்ட பிறகுதான் கயிறு அவள் கைக்கு வந்தது.

“சூடு போட்டுடலாம். இனிமே எவனும் கேக்க மாட்டான்” என்றான் ஜாஃபர்.

“நெருப்பெல்லாம் வேணாம் மச்சான்.”

தஞ்சாவூரிலிருந்து வந்த கால்நடை டாக்டர் மாதங்கி வேறு வழி சொன்னாள். மாட்டுக்குப் போடும் சினை ஊசியை உறையவைத்துக் கொண்டுவருவார்களே, அந்த நைட்ரஜன் திரவத்தில் செம்பு அச்சை முக்கி எடுத்துத் தோலில் வைப்பது. அந்தக் குளிரில் முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் செத்துவிடும். பிறகு அந்த இடத்தில் வெள்ளை முடிதான் முளைக்கும்.

அச்சைக் கும்பகோணத்துப் பாத்திரக்காரர் ஒருவர் செய்து கொடுத்தார். எழுத்து ‘ரி’.

“‘ஜா’ போடலாம்ல?” என்று ஜாஃபர் கேட்டுப் பார்த்தான்.

“‘ஜா’வுக்கு ஏகப்பட்ட வளைவு. புள்ளைக்கு வலிக்கும்.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கழுத்தில் பிடரிக்குக் கீழே போடலாம் என்பது அவள் யோசனை. ரிஃப்கா இடது தொடையைக் காட்டினாள். ரோட்டில் போகிறவன் கண்ணில் படவேண்டும் என்பது அவள் எண்ணம்.

“அங்க வண்டிச் சட்டம் உரசுங்க. வெள்ளை முடி நல்லா வர்ற வரைக்கும் வண்டியில பூட்டக்கூடாது. பரவாயில்லையா?”

“பூட்டல” என்றாள் ரிஃப்கா.

கார்த்திகைக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில் முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புகை கக்கும் அச்சை வைத்து அழுத்தினார்கள். கஸ்தூரி ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. பிறகு ரிஃப்காவின் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அச்சை எடுத்ததும் எழுத்து பள்ளமாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்து மேலே எழும்பியது.

“வீக்கம் தானா வத்திடும்” என்றாள் டாக்டர். “மஞ்சள், வேப்பெண்ணெய், களிம்பு எதுவும் தடவாதீங்க. தேய்ச்சுக் குளிப்பாட்டாதீங்க. பொருக்குக் கட்டினா உரிக்காதீங்க. ஈ மொய்க்காம பாத்துக்கிட்டாப் போதும். நாம சும்மா இருக்கிறதுதாங்க இதுக்கு வைத்தியம்.”

எந்த வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிற ரிஃப்காவுக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வீக்கம் வற்றியது. அப்புறம் தோல் வறண்டு, சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக எழும்பியது. அவள் கை அதை நோக்கிப் போகும், பாதியில் நிற்கும். காலையும் மாலையும் லாயத்து ஓரத்தில் வேப்பிலைப் புகை போட்டாள். மேனியெல்லாம் பிரஷ் போட்டுவிட்டு அந்த இடத்தை மட்டும் விட்டாள்.

அரிப்பு எடுத்தபோது கஸ்தூரி தென்னை மரத்தில் போய்த் தொடையைத் தேய்த்துவிட்டது. ‘ரி’யின் மேல் சுழியில் பொருக்கு பெயர்ந்து ரத்தம் கசிந்தது. ரிஃப்கா படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள்.

டாக்டர் உடனே கூப்பிட்டாள். “சலைன்ல மெதுவா ஒத்தி எடுங்க. வேற எதுவும் வேணாம். சீழ் வந்தா மட்டும் சொல்லுங்க.”

“எழுத்து அழிஞ்சிடுமா டாக்டர்?”

“வேர்லதாங்க வேலை நடந்திருக்கு. மேல பெயர்ந்ததுக்கெல்லாம் அழியாது.”

அன்றே அந்தத் தென்னையைச் சுற்றி முள் கட்டினாள். சீழ் வைக்கவில்லை.

தை பிறந்தது. பந்தயம் நடத்தும் துரைராசு வீடு தேடி வந்தார்.

“கஸ்தூரி இல்லாம பந்தயமா தங்கச்சி? புண்ணு காஞ்சிருச்சுல்ல. ஒரு துணியச் சுத்திப் பூட்டுனா ஆச்சு.”

“பொருக்கு இன்னும் முழுசா விழல அண்ணே. சட்டம் உரசுனா எல்லாம் கெட்டுப்போயிடும்.”

“ஒரு ஓட்டந்தானே ரிஃப்கா” என்றான் ஜாஃபர்.

“ஒரு ஓட்டமும் இல்ல மச்சான். நான் டாக்டர்ட்ட சொல்லியிருக்கேன்.”

ஜாஃபர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தயம் பார்க்கப் போனான். அவர்கள் எப்போதும் ஜெயிக்கிற ஓட்டத்தில் வேறொருவன் ஜெயித்தான். குதிரைக்குத் தோல் நோய், அதனால்தான் கொண்டுவரவில்லை என்று ஊரில் பேச்சு கிளம்பியது. ரிஃப்கா குதிரையை வீட்டுக்குள் ஒளித்துவைக்கவில்லை. தினமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாகவே நடத்திப் போனாள். செதில் உதிர்ந்து, முடியில்லாமல் வழுக்கையாகக் கிடந்த தொடை எல்லோர் பார்வையிலும் பட்டது.

“என்னம்மா இது, சொறியா?” என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“பேரு எழுதியிருக்குங்க. இன்னும் மை காயல” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மாசியில், அறுப்பு முடிந்து வைக்கோல் கட்டுகள் வந்து இறங்கிய ஒரு காலையில், கஸ்தூரியின் தொடையில் ஏதோ மாவு ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தது. ரிஃப்கா ஊதிப் பார்த்தாள். போகவில்லை. விரலால் தொட்டபோது அது மாவில்லை, முடி. பாலைப்போல வெள்ளை முடி, பூனைக்குட்டியின் மேனி மாதிரி மெத்தென்று. பொருக்கு பெயர்ந்த சுழியிலும் ஒரு இடம் விடாமல் முளைத்திருந்தது. அவள் அப்படியே வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தபடியே ஜாஃபரைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து குனிந்து பார்த்தான். “நல்லவேளை, நான் சொன்னத நீ கேக்கல” என்றான்.

முடி அடர்ந்து வளர்ந்த பிறகு டாக்டர் வந்து தடவிப் பார்த்து, இனிமேல் பூட்டலாம் என்றாள். சித்திரையில் நன்னிலத்துப் பக்கம் ஒரு பந்தயம் நடந்தது. ரிஃப்கா அதுவரை பந்தயத்துக்குப் போனதே இல்லை. அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டோரக் கூட்டத்தில் போய் நின்றாள். தூசியைக் கிளப்பிக்கொண்டு வண்டிகள் வந்தன. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் வெளியூர்க்காரர், யார் வண்டி எது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

“அந்தா வருது பாருங்க, ‘ரி’ குதிரை. ‘ரி’ முந்துது.”

கஸ்தூரி இரண்டாவதாகத்தான் வந்தது. இத்தனை மாதம் வண்டி பூட்டாமல் இருந்த குதிரை. மூச்சிரைக்க நின்ற அதன் இடது தொடையில், வேர்வையில் நனைந்த கறுப்பின் நடுவே எழுத்து பளீரென்று இருந்தது. ஜாஃபர் இறங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அவனிடம் கேட்டார்.

“‘ரி’ன்னா என்ன தம்பி, உங்க பேரா?”

ஜாஃபர் கூட்டத்துக்குள் கையை நீட்டிக் காட்டினான். “என் பேரு இல்லீங்க. அந்தா நிக்கிறாங்கள்ல, அவங்க பேரு. குதிரை அவங்களுது.”

பெரியவர் திரும்பிப் பார்த்தார். கூடவே இன்னும் பலபேர் திரும்பிப் பார்த்தார்கள். ரிஃப்கா தலை குனியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கஸ்தூரியின் கடிவாளத்தைக் கையில் வாங்கினாள்.