எண்பதில் வருகிற நடுக்கம்

...இல்லை, எழுபதில் ஒன்றுமே இல்லை, எழுபத்தைந்திலும் சுத்தமாக இருந்தது, முள் எண்பதைத் தொட்டதும்தான் ஸ்டீயரிங் உள்ளங்கைக்குள் சிணுங்க ஆரம்பித்தது, எண்பத்தைந்தில் மணிக்கட்டு வரை ஏறி, தொண்ணூறில் முழங்கை இரண்டும் தானாக ஆடின, மதிவாணனுக்குத் தன் கைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் அன்சார் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதால் இன்னும் பிடிக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து சாலியமங்கலம் போகிற ரோடு நேராகக் கிடந்தது, இரண்டு பக்கமும் சம்பா பழுத்துத் தலைசாய்ந்திருந்தது, தூரத்தில் ஓர் அறுவடை மெஷின் வைக்கோல் தூசியைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்தது, இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் போகிற காலைதான்... அன்சார் டாஷ்போர்டில் கையை வைத்தான், பிறகு தன் சீட்டுக்கு அடியில் வைத்தான். “கையில வருதா சார், உக்காந்த எடத்துல வருதா?” கையில்தான் என்றான். “லேசா பிரேக் புடிங்க... கூடுதா?” கூடவில்லை. “அப்ப பிரேக் டிஸ்க் இல்ல. முன்னாடி சக்கரம் ரெண்டுல ஒண்ணு. எங்கயாச்சும் பள்ளத்துல எறங்குச்சா சார்?” கேள்வி முடிவதற்குள் பதில் வாயில் தயாராக இருந்தது, அதுதான் ஆச்சரியம், யோசிக்கவே இல்லை, “நான் இல்லப்பா, வீட்ல ஓட்டிப் பழகினாங்க, அவங்கதான் எங்கயாவது விட்டிருப்பாங்க” என்று சொல்லிவிட்டான், சொன்னது காதில் விழுந்தபோது அது மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி மழமழவென்று ஆகிவிட்ட வாக்கியம் என்று தெரிந்தது. அன்சார் சாலியமங்கலத்தில் வண்டியைத் திருப்பச் சொன்னான்.

திருப்பும்போது எதிரே பேருந்து நிறுத்தத்தில் நாலைந்து பேர் நின்றார்கள், மதிவாணன் அந்தப் பக்கம் பார்க்காமல் திருப்பினான், இன்னும் ஐந்து மைல் போனால் அம்மாப்பேட்டை, மனைவி மங்களத்தின் அக்கா வீடு, இந்த ரோடு மங்களத்தின் ரோடு என்று ஒரு நினைப்பு வந்தது, அப்படி அவன் முன்பு நினைத்ததே இல்லை. ஐம்பத்தொரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று மங்களாம்பிகை சொன்னபோது அவன் சிரித்தான், சிரித்துவிட்டு, சரி கத்துக்கோ என்றான், அவள் பாதியில் விட்டுவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னான். அவள் விடவில்லை. பெரியநாயகி அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரத்துக்கு இரண்டு தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ், அத்தான் இல்லை, பையன் துபாயில். செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலையில் மங்களம் வண்டியை எடுத்துக்கொண்டு அம்மாப்பேட்டை போவாள், அக்காவை ஏற்றிக்கொண்டு வருவாள், நாலு மணி நேரம் காத்திருப்பாள், திரும்பக் கொண்டுபோய் விடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டும்போது அவள் முகத்தில் ஒன்று இருக்கும்... என்ன அது? களைப்புதான், ஆனால் களைப்பு மட்டுமா? அதைப் பார்த்தால் மதிவாணனுக்கு ஏனோ எரிச்சல் வரும், சாம்பாரில் உப்பு இல்லை என்பான்.

ஒர்க்‌ஷாப்பில் அன்சார் ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரங்களை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தான், பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தான், ஜாயின்ட் எல்லாம் கெட்டியாக இருக்கிறது என்றான். “வெளிய இருந்து பாத்தா ரெண்டு சக்கரமும் நல்லாத்தான் சார் இருக்கு. ஒரு வேலை செய்வோம். இடது பக்கத்துல முன்னாடி இருக்கறதப் பின்னாடி மாட்டி, பின்னாடி இருக்கறத முன்னாடி மாட்டுறேன். ஆட்டம் கையில இருந்து சீட்டுக்கு மாறுச்சுன்னா அந்தச் சக்கரம்தான்.” முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு அது எவ்வளவு அழகான சோதனை என்று உடனே புரிந்தது, தனக்கு இது ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா? புரட்டாசியில் மங்களம் வந்து, “ஏங்க, வண்டி எண்பதுக்கு மேல போனா ஆடுதுங்க, எழுபதுல ஒண்ணும் இல்ல” என்று சொன்னபோது அவன் கரும்பலகை முன் நிற்கிற மாதிரி எழுந்து நின்று ஒத்ததிர்வைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினான், ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஓர் அதிர்வெண் இருக்கிறது, சக்கரம் சுற்றுகிற வேகம் அதோடு பொருந்தும்போது ஆட்டம் பெரிதாகும் என்று. அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டுவிட்டு, “அப்ப சக்கரத்துல ஏதோ கோளாறு இருக்குன்னுதானே அர்த்தம்?” என்றாள். அதற்கு அவன் சொன்னது... வேண்டாம். ஆனால் வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறதே. கோளாறு சக்கரத்துல இல்ல, ஓட்டுற கையில இருக்கு, எங்க கொண்டுபோய் விட்டே, உண்மையைச் சொல்லு. நான் எங்கயும் விடலீங்க என்றாள். பொய் சொல்லாதே என்றான். பொய் சொல்லாதே என்று யார் யாரிடம் சொன்னது? ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் தன் பீரோவில் வைத்தான், ரிப்பேர் பார்க்கிற வரைக்கும் என்றான், ஊருக்குள் அவன் மட்டும் ஓட்டினான், ஊருக்குள் யார் எண்பதில் போகிறார்கள், ஆட்டமே தெரியவில்லை, ரிப்பேர் பார்க்கவும் இல்லை. இப்போது பார்ப்பதுகூட எதற்கு? நாளை மறுநாள் மகன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான், திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும், பெட்டி படுக்கையோடு வருகிறவனை ஆடுகிற வண்டியிலா கூட்டி வருவது?

மறுபடியும் அதே ரோடு. எழுபது, எழுபத்தைந்து, எண்பது... ஸ்டீயரிங் அசையவில்லை. மதிவாணன் ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தான், அடுத்த கணம் உட்கார்ந்திருந்த சீட் கீழிருந்து குறுகுறுத்தது, முதுகெலும்பு வழியாக ஏறியது, பின் கண்ணாடியில் தெரிந்த ரோடு இரண்டாகத் தெரிந்தது. “மாறிடுச்சு பாத்தீங்களா” என்று அன்சார் சந்தோஷப்பட்டான். மதிவாணன் தலையை ஆட்டினான், இடது முன் சக்கரம், இடது, இடது பக்கம்தானே அன்றைக்கு... அவனுக்கு அந்த மதகு முழுசாகத் தெரிந்தது, சுண்ணாம்பு அடித்த கைப்பிடிச் சுவர், அதன் ஓரத்தில் தார் இடிந்து வாய்க்காலுக்குள் போயிருந்த இடம், அதன் விளிம்பில் துருத்திய கருங்கல். திருவையாற்றில் பட்டா மாற்றத்துக்கு அலைந்துவிட்டுத் திரும்புகிற வழி, பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து முந்தினான், புது வண்டி, கண்ணாடியை இறக்கி, “சார், நல்லாருக்கீங்களா?” என்று கையை ஆட்டிவிட்டுப் போனான், துரைராசு, பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவன். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் போய் மதிவாணன் காலை அழுத்தினான், ஓய்வு பெற்று நாலு மாதம் ஆன மனுஷன், துரைராசுவை முந்தி என்ன ஆகப்போகிறது, எதிரே வைக்கோல் லாரி வந்தது, ஒதுங்கினான், தடால். பல் நாக்கைக் கடித்துவிட்டது. நிறுத்தி இறங்கிப் பார்த்தான், வெளியே ஒரு கீறல்கூட இல்லை, யாராவது பார்த்தார்களா என்றுதான் முதலில் சுற்றிப் பார்த்தான், வரப்பில் ஒரு கொக்கு நின்றது. வீட்டில் நாக்குக் காயத்துக்கு முறுக்கு குத்திவிட்டது என்று சொன்னான். மங்களம் தேனைத் தொட்டு வைத்தாள். அதற்கு மூன்றாம் நாள்தான் அவள் வந்து வண்டி ஆடுகிறது என்றது. மறந்துபோயிருந்தானா? நாக்கில் புண் ஆறாமல் இருக்கும்போதே மறப்பானா ஒருவன்?

சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டபோது வெளிப்பக்கம் பிசிறில்லாமல் சுழன்றது, அன்சார் அவனை மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டு உள்பக்கத்தைக் காட்டினான், இரும்பின் விளிம்பு ஓரிடத்தில் உள்ளே அமுங்கியிருந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் வந்து வந்து போனது. “வீட்ல அக்காவைத் திட்டாதீங்க சார்” என்றான் அன்சார், துணியில் கையைத் துடைத்தபடி. “பழகுறவங்க ஓரத்துல உரசுவாங்க, அது வெளிப்பக்கம் தெரியும். இது உள்ள வாங்குன அடி. நல்ல வேகத்துல வந்து ரோட்டு ஓரம் இடிஞ்ச எடத்துல எறங்கியிருக்கு.” திட்டாதீங்க என்கிறான், இனிமேல் என்கிற மாதிரி, இன்னும் திட்டவில்லை என்கிற மாதிரி. மதிவாணனுக்குக் கார்த்திகை மாதம் ஞாபகம் வந்தது. சாவி பீரோவுக்குப் போன பிறகு மங்களம் பேருந்தில் போனாள், பேருந்தில் அக்காவை அழைத்து வந்தாள், டயாலிசிஸ் முடிந்து வெளிறிப்போன பொம்பளையைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கொண்டுபோனாள், இரண்டு தடவை பெரியநாயகி பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள், பிறகு உனக்கு எதுக்குடி இந்தச் சிரமம் என்று ஒரு வெள்ளிக்கிழமை வரமாட்டேன் என்றுவிட்டாள், அடுத்த செவ்வாயும் வரவில்லை, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவன் போய்ப் பார்த்தான், நல்ல ஆரஞ்சாகப் பொறுக்கி வாங்கிக்கொண்டு போனான், டயாலிசிஸ்காரர்களுக்கு ஆரஞ்சு ஆகாது என்றுகூடத் தெரியாமல். பெரியநாயகி மூக்கில் குழாயோடு, “எதுக்குத் தம்பி உங்களுக்கு அலைச்சல்? வண்டி சரியில்லன்னு மங்களம் சொல்லுச்சு” என்றாள். வண்டி சரியில்லை. அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார் என்று சொல்லவில்லை, வண்டி சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கலாம், ஆனால் ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தான். “நான்தான்பா” என்றான் மதிவாணன். மெஷின் சத்தத்தில் அன்சாருக்குக் கேட்டதா? “நான்தான் எறக்கினேன். திருவையாத்து ரோட்டுல.” அன்சார் மெஷினை நிறுத்தினான், சக்கரம் சுற்றி ஓய்கிற வரை அதையே பார்த்தான், “புது ரிம் மத்தியானத்துக்குள்ள வரவழைச்சிடலாம் சார்” என்றான், அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

வாசலுக்கு வந்து மங்களத்துக்குப் போன் செய்தான், இனி ஒரு நிமிஷம் தள்ளினாலும் நாக்கு எழாது என்று தெரிந்தது, அவள் எடுத்தபோது பின்னால் விசில் சத்தம், யாரோ “படியில நிக்காத, உள்ள போ” என்று கத்தினார்கள், எங்கே இருக்கிறாள்? பேருந்தில். இன்றைக்குச் செவ்வாய். காலையில் ஃபிளாஸ்கில் காபி இருந்தது, அவன் குடித்துவிட்டு வந்தான், இன்றைக்கு என்ன கிழமை என்று நினைக்கவில்லை, சாலியமங்கலம் நிறுத்தத்தில் அந்தப் பக்கம் பார்க்காமல் வண்டியைத் திருப்பினான். “மங்களம், அந்தச் சக்கரம்...” என்றான். “கேக்கலீங்க, சத்தமாச் சொல்லுங்க.” “சக்கரம்! அடி பட்டது, நீ இல்ல, நான்!” “என்னது? அக்காவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், சத்தமாச் சொல்லுங்க.” “நான்தான் வண்டிய மதகுல எறக்கினேன்னு சொல்றேன்! புரட்டாசியில! நான்தான்!” ரோட்டோரத்தில் நின்று கத்தினான், எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், பார்க்கட்டும். அந்தப் பக்கம் எஞ்சின் உறுமல் மட்டும் வந்தது, அழப்போகிறாளா, திட்டப்போகிறாளா, எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான். “சரி” என்றாள் மங்களம். பிறகு, “வண்டி எத்தன மணிக்குக் கெடைக்கும்? அக்காவுக்கு மூணு மணிக்கு முடியும்” என்றாள். அவ்வளவுதானா? இதைச் சொல்ல மூன்று மாதம் ஆனதே, இவ்வளவுதானா? ஒரு பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது, அந்த வேகத்தில், “மத்தியானம் கெடைச்சிடும், நீ ஒண்ணும் கவலப்படாத, நானே ஓட்டிக்கிட்டு வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்” என்றான்.

“ஏன்?” என்றாள் மங்களம்.

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மதிவாணன் வாயைத் திறந்தான். உனக்கு எதுக்குச் சிரமம் என்று சொல்லலாம், நான் செய்ததற்கு நானே என்று சொல்லலாம், இரண்டும் நாக்கு நுனிவரை வந்து நின்றன... வண்டி ஆடுகிறது என்று புரட்டாசியில் அவள் வந்து சொன்ன சாயங்காலம், மாட்டிக்கொண்டோமோ என்ற பயம் வருவதற்கு முன்னால், கோபம் வருவதற்கும் முன்னால், அவன் மனசில் வேறொன்று வந்ததே, ஒரு நொடிதான், கிட்டத்தட்ட நிம்மதி மாதிரி, அது என்ன? அப்பாடா, இனி அவள் ஓட்ட மாட்டாள் என்றா இருந்தது? அதை அவளிடம் எப்படிச் சொல்வது, மதகைச் சொன்ன மாதிரி ரோட்டில் நின்று கத்திச் சொல்ல முடியுமா? போனில் பேருந்து ஏதோ நிறுத்தத்தில் நிற்கிற சத்தம் கேட்டது, ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள், மங்களம் இணைப்பைத் துண்டிக்கவில்லை, அவன் சொல்வதற்காக அந்தப் பக்கம் இருந்தாள்.