டிரைவர் இன்னும் வரலை

பாப்பம்மா கண்ணாடிக் கதவைத் தட்டவில்லை. மூக்கை மட்டும் அதில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். உள்ளே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த டெல்பின் திரும்பிப் பார்த்ததும், இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். டிரைவர் வந்துட்டானா என்று அர்த்தம். டெல்பின் உதட்டைப் பிதுக்கினாள். பாப்பம்மா உச்சுக் கொட்டிவிட்டு, மாம்பழம் பிரிக்கும் மேஜைக்குத் திரும்பிப் போனாள்.

மூன்று வாரமாக இதே கூத்து. முதல் நாள் டெல்பின் இங்கே வந்து, "டிரைவர் லோடு ஆகலை சார்" என்று மேனேஜரிடம் சொன்னது மேஜையில் நின்ற பெண்கள் காதில் விழுந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் பழம் பிரிக்கிறவர்களுக்கு டிரைவர் என்றால் லாரி டிரைவர், லோடு என்றால் மாங்காய் லோடு. எவனோ ஒரு டிரைவர் வராததால்தான் புது மிஷின் நிற்கிறது என்று ஷிப்டு முழுக்கப் பேச்சாகிவிட்டது. டெல்பின் ஒருநாள் பாப்பம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினாள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்ட பாப்பம்மா, "அப்ப அவனுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கறதுதானே கண்ணு" என்றாள். அதற்குப் பிறகு டெல்பின் விளக்குவதை விட்டுவிட்டாள்.

அவள் உட்கார்ந்திருந்த அறை எட்டடிக்கு ஆறடி. ஈ நுழையக் கூடாதென்று ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தார்கள். ஏசி ஓடினால் கூழ்க் குழாய்க்கு மின்சாரம் போதாது என்று அதையும் அணைத்து வைத்திருந்தார்கள். காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி, மூக்கில் அழுகல் கலந்த மாம்பழ வாசனை. வெளியே லாரி லாரியாக வந்து இறங்கியது பெங்களூரா ரக மாங்காய். பெங்களூரா பெங்களூரா என்று நாள் முழுக்கக் காதில் விழும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெங்களூருக்குப் போக வேண்டியவள் அல்லவா அவள்! மாங்காய்க்குக் கிடைத்த பெயர்கூட மனுஷிக்குக் கிடைக்கவில்லை.

மிஷினின் வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. குழாயிலிருந்து டின்னுக்குள் கூழ் விழும். டின்னுக்கு அடியில் எடை பார்க்கும் சென்சார் இருக்கும். எடை சரியானதும் குழாய் மூடிக்கொள்ளும். சித்திரை மாத இடியில் பழைய கன்ட்ரோல் போர்டு எரிந்துபோய், ஓசூரிலிருந்து டெல்பினின் கம்பெனி புது போர்டைக் கொண்டுவந்து மாட்டியது. புது போர்டில் புது கெர்னல். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிவயிறு. சென்சாரோடு அது நேராகப் பேசாது. சென்சாரின் பாஷை தெரிந்த டிரைவர் என்கிற சின்ன நிரலை ஏற்றிக்கொண்டு அதன் வழியாகத்தான் பேசும். முதல் நாள் அந்த டிரைவர் ஏறவேயில்லை. வேறு கெர்னலுக்குக் கட்டியது, இங்கே செல்லாது என்று கெர்னல் அதைத் துரத்தியது. புதிதாகக் கட்டினாள். ஏறியது. ஏறி சமத்தாக உட்கார்ந்துகொண்டது. எடை எங்கே என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிழை என்று ஒரு வரி வந்திருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு போயிருப்பாள். சண்டை போடுகிற புருஷனைக்கூடச் சமாளித்துவிடலாம், பேசாமல் இருப்பவனை என்ன செய்வது? ஒயரை மாற்றினாள், கார்டை மாற்றினாள், டிரைவர்களை ஏற்றும் வரிசையை மாற்றினாள், டிரைவருக்குள் படிக்குப் படி செய்தி எழுதும்படி செய்து பார்த்தாள். டிரைவர் ஏறிய செய்தி வந்தது. சென்சாரைக் கண்டேன் என்ற செய்தி வரவேயில்லை.

அது வராதவரை இந்த மிஷின் இருக்கும் இரண்டாவது லைன் ஓடாது. இருபது பெண்களில் பத்துப் பேரைக் காலையிலேயே வேலையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அது ஒரு கவலை. அவளுடைய சொந்தக் கவலை வேறு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பெங்களூரில் ஒரு புதுக் கம்பெனியில் சேர வேண்டும். சேரும்போது டிகிரியிலிருந்து பிளஸ் டூ வரை ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவை எல்லாம் ஓசூர் ஆபீசில், முதலாளி எபினேசரின் பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்று, "பத்திரமா இருக்கும்மா" என்று வாங்கி வைத்தவர். இன்றைக்குச் சனிக்கிழமை.

எபினேசரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அப்பா ஜெபதுரை பக்கவாதத்தில் விழுந்தபோது தன் காரிலேயே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். அம்மா பவுலினாவின் அடக்கத்துக்கு வந்து, மழையில் குடை இல்லாமல் கல்லறைவரை நடந்தவர். ஆபீசில் எல்லோரிடமும், "டெல்பின் நம்ம பொண்ணு" என்பார். ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோதும் கோபப்படவில்லை. "தாராளமாப் போம்மா. இந்த மிஷின் மட்டும் ஓடட்டும், சர்டிபிகேட்ட உன் கையில நானே குடுக்கறேன்" என்றார். நம்ம பொண்ணு என்று சொல்லுகிறவரிடம் என் காகிதத்தைக் கொடு என்று எந்த வாயால் சண்டை பிடிப்பது? அவள் வீடு ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் இருந்தது. வாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கர்நாடகா. அந்தப் பத்து நிமிடத்தை அவளால் மூன்று வருடமாகக் கடக்க முடியவில்லை.

பதினோரு மணிக்கு அவள் மனசு விட்டுப்போயிற்று. எழுந்து கேட்டுக்குப் போனாள். செல்போன்களை எல்லாம் வாங்கி மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் திம்மப்பன், "அவுட் பாஸ் இல்லாம வெளிய ஆகல்லம்மா" என்றார். கன்னடமும் தமிழும் அவர் வாயில் ஒன்றாகத்தான் வரும்.

"வெளிய போகலண்ணா. ஒரு போன் மட்டும்."

கேட்டுக்கு உட்புறமாகவே நின்று மணிவேலுக்குப் போன் போட்டாள். இந்த டிரைவரை முதன்முதலில் எழுதியவன் அவன்தான். ஜூஜுவாடியில் ரூம் எடுத்துத் தங்கி, நான்கு வருடம் எபினேசரிடம் இருந்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்குப் போனவன். அவனிடம் பேசக் கூடாது என்று ஆபீசில் யாரும் சொன்னதில்லை, யாரும் பேசியதும் இல்லை.

அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவன், "சர்டிபிகேட்டக் குடுத்துட்டாரா?" என்றான்.

"இது ஓடினாத் தரேன்னாருண்ணா."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாரு. மூணு மிஷினுக்குச் சொன்னாரு. நாலாவதுக்கு நான் நிக்கல."

"உங்க ஒரிஜினல்?"

"அதே பீரோவுலதான் கெடக்கும். தொலைஞ்சு போச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து, டூப்ளிகேட் வாங்கறதுக்கு ஒன்பது மாசம் ஆச்சு. சேர வேண்டிய வேலை போச்சு. சரி அத விடு. சென்சார் பேரச் சொல்லு."

போர்டில் என்னென்ன உறுப்பு இருக்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு டிரைவரிடமும் தனக்குரிய உறுப்பின் பெயர் இருக்கும். பட்டியலில் இருக்கும் பெயரும் டிரைவர் வைத்திருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால் கெர்னல் இரண்டையும் கோத்துவிடும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும். புது போர்டுக்கு அந்தப் பட்டியலை எழுதியவள் டெல்பின். அன்று எபினேசர் இங்கே ஆலையில், எரிந்த போர்டின் பழைய காகிதங்களை வைத்துக்கொண்டு போனில் சொல்லச் சொல்ல, ஓசூரில் உட்கார்ந்து அவள் அடித்தாள். எப்போதும் அப்படித்தான் வேலை நடக்கும். அவர் சொல்லுவார், அவள் அடிப்பாள்.

"ஜூஜுவாடி, காமா, எடை" என்றாள்.

"சரியாத்தான இருக்குது" என்றான் மணிவேல். "அந்த ரூம்ல உக்காந்துதான் எழுதினேன், அதான் அந்தப் பேரு." சற்று யோசித்தான். "எதுக்கும் எழுத்தெழுத்தாச் சொல்லு."

"ஜே, யு, ஜே, யு..."

"ஜேவா?"

"ஆமா."

"நான் இஸட் போட்டேன் டெல்பின். பஸ் போர்டுல பாத்துதான் எழுதினேன். இஸட், யு, இஸட், யு."

டிரைவர் நிரலில் அந்தப் பெயரை அவள் இருநூறு முறையாவது பார்த்திருப்பாள். கண் பார்த்தது இஸட்டை. மனசுக்குள் ஒலித்தது ஜூஜுவாடி. பிறந்து வளர்ந்த ஊரின் பெயரை யார் நிறுத்தி நிதானமாக வாசித்துப் பார்ப்பார்கள்? அவளுடைய ஆதாரில் ஜே, கேஸ் புத்தகத்தில் ஜே. அப்பாவின் ஜெபதுரை என்ற பெயரைப் பென்ஷன் ஆபீசில் ஒரு மாதிரியும் பேங்கில் ஒரு மாதிரியும் எழுதிவைத்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவளே ஆறு மாதம் அலைந்திருக்கிறாள். அப்படியிருந்தும் இது அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். திம்மப்பன் பயந்துபோய் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத" என்றான் மணிவேல். "சர்டிபிகேட்டு கைக்கு வந்தப்புறம் அந்த எழுத்த மாத்து."

மாற்றாமல் இருக்கலாம்தான். ஆனால் திரும்பி வரும்போது பத்துப் பெண்கள் ஷெட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் திருப்பி அனுப்பியும் வீட்டுக்குப் போகாமல், மதியமாவது கூப்பிடுவார்களா என்று சோற்றுத் தூக்கோடு காத்திருக்கிறவர்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போய், தப்பு தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை. இரண்டு ஜேயை அழித்தாள், இரண்டு இஸட் போட்டாள். போர்டை அணைத்து ஏற்றினாள். சென்சாரைக் கண்டேன் என்ற வரி வந்தது. திரையில் எடை வந்தது. வெறும் டின்னை வைத்தாள், எண் ஏறியது. எடுத்தாள், இறங்கியது. அழுகை வந்தது, யாரும் பார்க்கவில்லை என்பதால் அழுதாள்.

ஒரு மணிக்கு இரண்டாவது லைன் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பம்மா டின் அடுக்கும் இடத்துக்கு மாறியிருந்தாள். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னதும் எபினேசர் ஓசூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, மிஷின் மேல் கை வைத்து, "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தார். கண் கலங்கியிருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

"என்னம்மா தப்பு?"

"ஒரு எழுத்து சார். நீங்க ஜூஜுவாடின்னு சொன்னீங்க, நான் எங்க வீட்டு அட்ரஸ்ல எழுதற மாதிரி எழுதிட்டேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜரைப் பார்த்து, "நம்ம பொண்ணத் தவிர வேற யாராலயும் இதக் கண்டுபிடிச்சிருக்க முடியாது, பாத்துக்குங்க" என்றார். மணிவேலின் பெயரைச் சொல்ல டெல்பின் வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

மேனேஜர் போனதும், "சார், சர்டிபிகேட்" என்றாள்.

"குடுத்துடலாம்மா. பீரோ சாவி வீட்ல எங்கயோ இருக்கு. திங்கக்கிழமை ஆபீசுக்கு வா, எடுத்து வெக்கிறேன்."

"திங்கக்கிழமை காலைல நான் அங்க ஜாயின் பண்ணணும் சார். உங்களுக்குத் தெரியும்."

"ஒரு வாரம் தள்ளிக் கேளேன். கேட்டாக் குடுப்பாங்க." அவர் குரல் தேனாகத்தான் இருந்தது. "பேரிகையில ஒரு தக்காளி யூனிட்டு, இதே போர்டுதான். அது மட்டும் ஓடட்டும். அப்பாவுக்கும் நீ பக்கத்துல இருந்தாத்தான நல்லது? நான் உனக்குக் கெடுதல் நெனப்பேனா?"

நினைக்க மாட்டார். அதுதான் கஷ்டமே. கெடுதல் நினைக்காமலேயே இந்த மனுஷன் அவளை அறுபது வயதுவரை அந்தப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். கிறிஸ்துமசுக்குக் கேக்கும் கொடுத்து அனுப்புவார்.

டெல்பின் நாற்காலியில் உட்கார்ந்தாள். டிரைவரை இறக்குகிற கட்டளை ஒரே வரி. ஏற்ற மூன்று வாரம் பிடித்தது, இறக்க ஒரு நொடி போதும். அடித்தாள். திரையில் எடை மறைந்தது. வெளியே குழாய் மூடிக்கொண்டது, டின்கள் நின்றன.

"என்னம்மா, திரும்பவும் நின்னு போச்சா?"

"நிக்கல சார். நான் நிறுத்தியிருக்கேன்." நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஓசூர் போய்ட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும். எடுத்துட்டு வாங்க. நான் எங்கயும் போக மாட்டேன், இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

"டெல்பின்."

கண்ணாடிக்கு வெளியே அத்தனை பெண்களும் கை ஈரத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனாலும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

எபினேசர் வலைத்தொப்பியைக் கழற்றினார். கதவுவரை போனார். அங்கே நின்று பெண்களைப் பார்த்தார், பாதி நிரம்பி நின்ற டின்னைப் பார்த்தார், அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொப்பியை மறுபடியும் தலைவரை கொண்டுபோய், மாட்டாமல், போவதா இருப்பதா என்று தெரியாதவர்போல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.