வெண்ணெய் நிறத்தில் ஏறிய மஞ்சள்

பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவரை எல்லோரும் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கலக்கியதில் ஒரு சொட்டைப் புறங்கையில் வைத்து, தோலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவை மூடுவார். நிறம் கலக்கும் இயந்திரம் வந்து ஆறு வருடமாகியும், வெண்ணெய் நிறம் மட்டும் அவர் கையால்தான் வேண்டும் என்று ஆட்கள் காத்துக் கிடந்தார்கள்.

அந்த வாரம் மூன்று டப்பாக்கள் திரும்பி வந்தன. மூன்றும் மஞ்சளோ மஞ்சள்.

சொட்டுக்குப் பகீரென்றது. பத்து நாளாகக் காய்ச்சல், குமட்டல், அசதி. அவற்றையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. நிறம் பார்க்கும் கண் போய்விட்டதே! கண் போனால் இந்தத் தொழிலில் அவருக்கு வேறென்ன இருக்கிறது? மனைவியிடம்கூடச் சொல்லாமல், கடவுளிடம் மட்டும் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

நான்காவது டப்பாவை, பக்கத்துத் தெரு மருத்துவமனையின் நர்ஸ் கொண்டுவந்து மேஜையில் டொக்கென்று வைத்தார்.

"அண்ணே, நான் கேட்டது வெண்ணெய். நீங்க குடுத்தது எலுமிச்சம்பழம். சுவரப் பாத்தாலே நோயாளிங்களுக்குப் பல்லு கூசுது!"

"உங்க கண்ணு முன்னாலயே கலக்கித் தரேன் சிஸ்டர்."

கலக்கினார். சொட்டு வைத்தார். "பாருங்க, கச்சிதம்!" என்று கையை நீட்டினார்.

நர்ஸ் பெயிண்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். பிறகு அவருடைய கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"அண்ணே, மஞ்சளாயிட்டது நீங்க! உங்க கைக்கு ஒத்துப் பாத்துக் கலந்தா வெண்ணெயும் மஞ்சளாத்தானே போகும்?"

"அப்போ என் கண்ணு?"

"அதுவும் மஞ்சள்தான்."

"அது இல்ல சிஸ்டர், பார்வை!"

"பார்வை பேஷா இருக்கு. ஈரல்தான் கோவிச்சுக்கிட்டிருக்கு."

"ஈரல் மட்டும்தானா!" என்று சொட்டு துள்ளினார். கல்லாவில் இருந்த கடை முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்படி ஒரு சேதிக்கு இப்படி ஒரு சந்தோஷமா?

கடவுள் சிலரைத் திட்டுவதற்கென்றே அனுப்பி, வந்த இடத்தில் உதவியும் செய்ய வைக்கிறார். நர்ஸ் தன் சாப்பாட்டு வேளையை விட்டுவிட்டு, சொட்டின் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"சிறுநீர் என்ன நிறம்?" என்று டாக்டரம்மா கேட்டார். வாழ்நாளில் யாரும் சொட்டிடம் இத்தனை அருமையான கேள்வி கேட்டதில்லை.

"தேக்கு வார்னிஷ், ரெண்டு கோட்டு."

"மலம்?"

"வெளுத்த களிமண்ணு டாக்டர். ஒரு சொட்டு கறுப்பு விட்டா சிமெண்ட்!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் விளக்கினார்.

"ஈரல்ல திடீர் அழற்சி. தண்ணியிலயோ சாப்பாட்டுலயோ வந்த வைரஸ். பழைய ரத்தத்துலருந்து வர்ற மஞ்சளை ஈரல்தான் வெளியேத்தணும். இப்ப அதுக்குத் தெம்பில்ல. அதான் மஞ்சள் தோல்ல தங்கிடுச்சு. பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிடும். காய்ச்சலுக்கு என்ன போட்டீங்க?"

"வேளைக்கு ரெண்டு மாத்திரை. முதலாளி மூணு போடச் சொன்னாரு."

"உங்க இஷ்டத்துக்கு இனிமே ஒண்ணும் போடாதீங்க. ஏற்கெனவே தவிக்கிற ஈரல். மதுவும் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, வீட்லயும் எல்லாரும். குழப்பம், மயக்கம், ரத்தக்கசிவுன்னு ஏதாவது வந்தா உடனே ஓடி வாங்க."

வீட்டில் மனைவி முறைத்தார். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் தனக்கும் தெரியாமல் போனதே என்று அவருக்கு ஆற்றாமை.

"கண்ணு போச்சுன்னு நெனச்சு எங்கிட்ட மறைச்சீங்களா? நான் ரெண்டு வெச்சிருக்கேன்ல, ஒண்ணு தரமாட்டேனா?"

சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் வீட்டுக்கே வந்தார். ஒரு கையில் முதலாளி கொடுத்தனுப்பிய நிற அட்டை. மறு கையில் அன்றைய ரத்த முடிவு, மடித்தபடி.

"முதல்ல நீங்க சொல்லுங்கண்ணே. அப்புறம்தான் பிரிப்பேன்."

சொட்டு ஜன்னலோரம் நின்றார். அட்டையைப் புறங்கையோடு சேர்த்து வைத்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கினார். மனைவி ஜன்னல் திரையை இன்னும் விலக்கிவிட்டார்.

"போன தடவைக்கு மஞ்சள் பாதிக்கும் கீழ."

நர்ஸ் பிரித்தார். படித்தார். பிறகு காகிதத்தைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, "பாதிக்கும் கீழயேதான்!" என்று கத்தினார்.

சொட்டு கண்ணை மூடி நன்றி சொல்லத் தொடங்கினார். சிரிப்பு பொங்கிவந்து பாதியிலேயே நிறுத்திவிட்டது. கடவுளுக்கு மீதி புரிந்திருக்கும்.