தகரக் கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம்

சொட்டு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு சொட்டு, தகரக் கதவின் ஓட்டையில் நுழைந்த வெயில் என் பாதத்தில் நடுங்குகிறது, எனக்கு ஒன்பது வயது, செல்லூர் லைன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கும் ஒரே கக்கூஸ், வெளியே வாளிகள் வரிசை பிடித்து நிற்கின்றன, முதல் வாளி டவுன் பஸ் டிரைவர் மூக்கையா மாமாவுடையது, டேய் மாப்ள, உள்ள என்ன மாடியா கட்டுற, எனக்கு மொத டிரிப்புடா, கதவை உதைக்கிறார், நான் பல்லைக் கடித்து முக்குகிறேன், இன்னொரு சொட்டு, ஒன்றுக்குப் போகிற இடத்தில் தோல் வெளுத்து, மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே வந்ததை யாரிடம் சொல்வது, எரியுதும்மா என்று மட்டும் சொன்னேன், சூடுதான்யா என்று அம்மா கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவினாள், இளநீர், தர்ப்பூசணி, பார்லிக் கஞ்சி, அவள் பிரியமெல்லாம் தண்ணீராக எனக்குள் இறங்கியது, வெளியேறத்தான் வழியில்லை, அடிவயிறு கல்லாகிவிட்டது, சட்டென்று உதை நிற்கிறது, எஞ்சின் சத்தத்திலேயே கோளாறு சொல்கிற மனிதர் கதவில் காது வைக்கிறார், மாப்ள, சத்தமே வரலையேடா, கதவத் தொற.

காக்கிச் சட்டையில் என் கண்ணீர், ஆட்டோ, பின்னால் அம்மா, இது சூடு இல்லக்கா, எங்கயோ அடைச்சிருக்கு, டியூட்டி கெடக்குது விடு என்கிறார் மாமா, பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா குழாய் விட்டதும் என்னைவிட்டு ஒரு வைகையே இறங்கிப் போனது, தோல்ல வர்ற வியாதிம்மா, தழும்பாகி வழியை அடைச்சிருக்கு, பையன் மேல தப்பில்ல, இன்னும் விட்டிருந்தா கிட்னியத் தொட்டிருக்கும் என்றார், ஆபரேஷன், பிறகு களிம்பு, தழும்பு திரும்புகிறதா என்று வருஷக்கணக்கில் சோதனை, மாமாவுக்கோ அன்றைக்கு ஆப்சென்ட், ஒரு மெமோ, அதை ஒருநாளும் அவர் எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை.

அந்த வெயில் இப்போது ஆஸ்பத்திரித் தரையில் விழுகிறதா, அல்லது நான்தான் இன்னும் அங்கேயே நிற்கிறேனா, இந்த முறை கதவுக்கு வெளியே, உள்ளே எழுபத்தாறு வயது மூக்கையா மாமா, புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து காலையில்தான் குழாயை எடுத்தார்கள், தானாகப் போகாவிட்டால் மறுபடி குழாய், நான் கதவில் காது வைக்கிறேன், சொட்டு, பிறகு ஒன்றுமில்லை, என்ன மாப்ள, ஒனக்கு மொத டிரிப்பா, உள்ளிருந்து குரல், அவசரமே இல்ல மாமா, மெதுவா, இன்னொரு சொட்டு, பிறகு சிறு சலசலப்பு, பிறகு நிற்காமல், இடைவிடாமல், பீங்கானில் மழை கொட்டுகிற சத்தம், சத்தம் வருதாடா என்று கேட்கிறார், வருது மாமா, நல்லா வருது.