ஒற்றை வியோலா

ஒலிப்பதிவு தொடங்குவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே கெஸ்லிங் கத்த ஆரம்பித்துவிட்டார். படத்தின் தயாரிப்பாளர் அவர். இசையமைப்பாளர் ஐரா டெப்லினின் மேசைமேல் கிடந்த இசைத்தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது? நாப்பத்தாறு பேரைக் கூப்பிட்டு உக்கார வெச்சுட்டு, ஒரேயொரு வியோலாவா? படத்துல மகன் செத்த சேதி வந்திருக்கு அந்தப் பொம்பளைக்கு. தியேட்டரே அழணும்!"

"அவளே அழலையே சார். ரொட்டி மாவுதானே பிசையறா," என்றான் ஐரா.

வாசிப்பவர்களில் யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். பர்பேங்க் ஸ்டுடியோவின் இந்தக் கூடத்தில் பதினோரு ஆண்டுகளாக ஐரா எழுதிய இசையெல்லாம் இசைப்பிரிவுத் தலைவரின் பெயரில்தான் திரைக்குப் போனது. அழுகை கேட்டால் அழுகை, குதிரை கேட்டால் குதிரை. இதுதான் அவன் பெயரோடு வரப்போகும் முதல் படம். திரையில் காட்டும் பெயர் அட்டையைக்கூட எழுதி முடித்துவிட்டதாக மனைவி லெனோராவிடம் காலையில்தான் சொல்லியிருந்தான்.

"வயலின் எழுதிக் குடு. மத்தியானத்துக்குள்ள."

ஐரா இசைத்தாளை எடுத்து நேராக்கி வைத்தான். "ஒரு தடவை படத்தோட கேளுங்க. அப்புறமும் வேணும்னா எழுதித் தர்றேன். ஆனா எம்பேரு வேண்டாம், எடுத்துடுங்க."

கெஸ்லிங் சுருட்டைக் கடித்தபடி உட்கார்ந்தார்.

திரையில் அந்தத் தாயின் கான்சாஸ் சமையலறை வந்தது. ஐரா கையை உயர்த்தினான். ஹேசல் பிராண்ட் தன் வியோலாவில் வில்லை வைத்தாள். வயலினைவிடத் தணிந்த, கொஞ்சம் கரகரத்த குரல் அதற்கு. திரையில் அந்தத் தாய் மாவை அழுத்தும்போது அது நின்றது; கை ஓயும்போது மெல்லத் தொடர்ந்தது. மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. மற்ற நாற்பத்தைந்து பேரும் கருவிகளை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனையோ படங்களுக்கு முதுகு காட்டியே வாசித்தவர்கள், கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளிச்சம் வந்தபோது டிரம்பெட் வாசிக்கும் மோ ஸ்டாலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கெஸ்லிங்கின் சுருட்டு அணைந்திருந்தது. அவர் எழுந்து கதவுவரை போனார்.

"இன்னொரு தடவை எடு," என்றார் திரும்பாமலே. "நடுவுல எவனோ நாற்காலியை நகர்த்தினான். சத்தம் விழுந்திருக்கு."

கதவு சாத்தியதும் வயலின்காரர்கள் அத்தனை பேரும் கைதட்டுக்குப் பதிலாக வில்லால் தாள்தாங்கியைத் தட்டத் தொடங்கினார்கள். மழை பிடித்ததுபோல அந்தச் சத்தம் கூடம் முழுக்கப் பரவியது. ஐராவுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நீ குனிஞ்சு வணக்கம் சொல்லணும், மக்கு," என்றாள் ஹேசல்.

பகல் உணவு வேளையில் வெளியே நல்ல வெயில். ஏணிமேல் ஒருவர் பெரிய பலகையில் வேறெந்தப் படத்துக்கோ ஆகாயம் தீட்டிக்கொண்டிருந்தார். மோ அந்த வியோலா மெட்டைச் சீட்டியடித்தபடி அவரைக் கடந்து, பாதியில் விட்டுவிட்டு உணவு விடுதிக்குள் நுழைந்தார். ஓவியர் திரும்பிப் பார்க்கவில்லை. நீல வண்ணத்தில் தூரிகையைத் தோய்த்து, மெட்டின் மீதியைத் தானே ஏதோ போட்டுச் சீட்டியடித்துக்கொண்டு, மேகத்துக்கு இடம் விட்டுத் தீட்டிக்கொண்டே போனார்.